ஒரு சாண் பதர்

மாமனார் வலது காலை எடுத்து வைத்ததும் தரை உள்ளே போனது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பித்தார்.

"என்ன மாப்ள இது, சேத்து வயல்ல இறங்குற மாதிரி இருக்கு?"

"மரத்தரை, மாமா" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

மரம் எங்கே வந்தது? திருச்சிக் கடைத்தெருவில் வாங்கிய லினோலியம் விரிப்பு. பலகை அடுக்கியது போல அதன்மேல் கோடு அச்சடித்திருக்கும். அரியலூரில் எங்கள் தெருவில் எவன் வீட்டிலும் கிடையாது. இருந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். அவ்வளவு பவுசு எனக்கு.

வாசலில் பக்கத்து வீட்டு மருதாயி ஆலத்தித் தட்டோடு நின்றாள். அவளுக்கு எதிரே என் மனைவி உண்ணாமலை, கையில் எங்கள் பெண் குழந்தை. பிரசவத்துக்குத் தா.பழூர் போனவள் அன்றைக்குத்தான் திரும்பி வருகிறாள்.

வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். எங்கள் வாடகை வீடு ஏரிக்கரைக்குக் கீழே. ஐப்பசி பிறந்தால் தரையெல்லாம் ஓதம் ஏறிப் பாய் நனைந்துவிடும். குழந்தைக்கோ பிறந்ததிலிருந்து சளி. தரையில் ஈரம் இருந்தால் அப்பாவோடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஒரு கட்டில் வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று மருதாயி அப்போதே சொன்னாள். கட்டில் ஊரில் எல்லோரும் வாங்குவது. நான் வாங்கலாமா?

லினோலியத்துக்கு அடியில் எதையாவது பரப்பினால் ஓதம் மேலே ஏறாது என்று கணக்குப் போட்டேன். ரைஸ் மில்லில் உமி கேட்டால் அடுப்புக்கே பத்தவில்லை என்றார்கள். சிநேகிதன் முருகையன் களத்தில் குறுவை நெல்லைத் தூற்றி ஒதுக்கிய பதர் சும்மா குவிந்து கிடந்தது. உமியென்ன பதரென்ன என்று மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு விரல் கனம் போதும் என்றான் அவன். நான் ஒரு சாண் போட்டேன்.

மாமனார் மூக்கைச் சுருக்கினார். குனிந்து லினோலியத்தின் ஓரத்தைத் தூக்கினார்.

அடியில் வெள்ளை வெளேரென்று நெல் முளைத்திருந்தது. பதரோடு கலந்து வந்த நல்ல நெல்லையெல்லாம் ஓதம் ஒன்றுவிடாமல் வளர்த்திருந்தது.

நானும் விவசாயி பெற்ற பிள்ளைதான் என்பது அவருக்குத் தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நடவு எப்ப மாப்ள?"

மருதாயி சிரித்த சிரிப்பில் ஆலத்தித் தண்ணீர் அவள் புடவையிலேயே கொட்டியது.

உண்ணாமலை சிரிக்கவில்லை. போச்சுடா, பஸ் ஏறப் போகிறாள் என்று நினைத்தேன்.

மாமனார் விடுவதாக இல்லை. "ஏன் மாப்ள, ஓதத்துக்கு எதுக்கு இவ்ளோ கனம்?"

நான் லினோலியத்தின் ஓரத்தைக் காலால் அமுக்கி மூடினேன்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் உண்ணாமலை. "ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் இவரு புள்ளையத் தூக்கல. பேரு வெச்ச அன்னைக்கும் தூக்கல. கீழ போட்டுடுவோம்னு பயம்."

பாவி, எப்படிக் கண்டுபிடித்தாள்? கை தவறினாலும் குழந்தைக்கு அடிபடக் கூடாது என்றுதான் அந்த ஒரு சாண் போட்டேன். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

உண்ணாமலை படி தாண்டினாள். கால் புதையப் புதைய நேராக என்னிடம் வந்தாள்.

"உக்காருங்க. தரை காயிற வரைக்கும் நீங்கதான் தரை."

உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன், நழுவவில்லை. அது என் முகத்தைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் முன்னால் இந்த அசிங்கம் வேறு.

கொஞ்ச நேரத்தில் வேட்டி வெதுவெதுவென்று நனைந்தது. ஈரம் மேலிருந்தும் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?