மாடத்துக்கு ஒரு கையெழுத்து

"செத்தவரோட சொந்தக்காரங்க கையெழுத்து வேணும், நெல்தா அம்மா. இல்லைன்னா மாடத்தை வேற இடத்துல வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை இடிச்சிடுவாங்க."

சாலையை அகலப்படுத்தும் திட்டத்துக்காக ஊர்க்காரர்களிடம் பேச வந்தவள் யாஸ்னா. விபத்தில் இறந்த, பேர் தெரியாத லாரி டிரைவருக்காகச் சாலையோரத்தில் ஊரார் கட்டிய நினைவு மாடம் அது. இருபது வருடமாக அதில் மெழுகுவத்தி ஏற்றும் நெல்தாவுக்குக் கண் கலங்கியது.

மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த கணவர் எவாரிஸ்தோ சிரித்தார்.

"திங்கக்கிழமை ஆனா அவனுக்குப் பூ. கட்டின புருஷன் எனக்கு ஒரு இலை உண்டா?"

"சும்மா இருங்க. ஊரே அங்க வேண்டிக்குது. வேண்டினது நடக்குது."

செத்தவன்மேல் பொறாமைப்படும் கணவன். இங்கே காரியம் ஆகாது என்று யாஸ்னா எழுந்தாள். எவாரிஸ்தோ அவள் கையிலிருந்த படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"அவனே நான்தாம்மா. லாரி கவுந்ததும் மயக்கத்துல என்னைத் தலைநகருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. செத்துட்டேன்னு நினைச்சு ஊரு மாடம் கட்டிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு வந்து பாக்குறேன், முன்னபின்ன தெரியாத ஒருத்தி எனக்காக அழுதுட்டிருக்கா. அவளை விட்டுட்டு எங்க போறது? வேண்டிக்கிற ஜனங்ககிட்ட உண்மையை எப்படிச் சொல்றது?"

நெல்தா வெட்கத்தோடு தலை குனிந்தாள். யாஸ்னா மறுபடி உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"சரி, உறவுமுறைன்னு போட்டிருக்கே, அதுல என்ன எழுத?"

"ரொம்ப நெருக்கம்னு எழுதிக்கம்மா."