நல்ல இலை

சோதனைப் பட்டையில் மறுபடியும் ஒரே கோடுதான் விழுந்தது.

இலைச்சாற்றில் வைரஸ் இருந்தால் இரண்டு கோடு விழ வேண்டும். பயிர் நோயை ஆராய வந்திருந்த பிரியதர்ஷினி பட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வராத கோடு வெயிலில் காட்டினால் மட்டும் வந்துவிடுமா என்ன.

எதிரே பாஞ்சாலையின் கொல்லை முழுக்க மஞ்சளடித்துக் கிடந்தது. நாருக்காகப் போட்ட புளிச்சை. நரம்பு நரம்பாக மஞ்சள், இலைக்கு அடியில் வெள்ளை ஈ. ஜவ்வாது மலையில் இந்த வருஷம் புளிச்சை போட்ட எல்லோருக்கும் இதே கதிதான்.

என்ன நோவு என்று இன்றைக்குத் தெரியாவிட்டால் நாளைக்கே ஏர் பூட்டி அத்தனையையும் மடக்கி உழுதுவிடுவாளாம் பாஞ்சாலை. இனிமேல் புளிச்சை இருக்கும் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டாளாம்.

படித்த படிப்பெல்லாம் ஒரு துண்டுப் பட்டையிடம் தோற்று நிற்பது பிரியதர்ஷினிக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, இந்த இலைய எந்தச் செடியில பறிச்சீங்க?"

வெயிலில் அலைய வேண்டாம் என்று பிரியதர்ஷினியைப் புளியமரத்து நிழலில் உட்காரவைத்துவிட்டு, தானே போய்ப் பறித்து வந்தவள் பாஞ்சாலை. அவளுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

"வூடு தேடி வந்தவங்களுக்கு நோவு புடிச்ச எலையவா குடுப்பாங்க? நடுவுல ஒரு செடி மட்டும் நல்லா இருந்துச்சி. அதுலதான் பறிச்சேன்."

பிரியதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. எழுந்துபோய் ஒரு மஞ்சள் இலையைப் பறித்து வந்து கசக்கி, இன்னொரு பட்டையை நனைத்தாள். பளிச்சென்று இரண்டு கோடு.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை ஈ மொய்க்கிற கொல்லையில் வைரஸ் தொடாத ஒரு செடி. அப்படி ஒன்று கிடைக்காதா என்றுதான் அவள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். அதன் விதை கைக்கு வந்தால், இந்த மலையில் மறுபடியும் புளிச்சை நிமிர்ந்து நிற்கலாம்.

"அந்தச் செடி எங்கக்கா?"

பாஞ்சாலை வாசலில் இருந்த அடுப்பைக் காட்டினாள். சட்டியில் புளிச்சைக் கீரை கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத்தான் மேடம், மத்தியானத்துக்கு."

பிரியதர்ஷினி செருப்புகூடப் போடாமல் கொல்லைக்குள் ஓடினாள்.

மஞ்சளுக்கு நடுவே ஓர் இலைகூட இல்லாமல் மொட்டைக் குச்சியாக நின்றது அது. நல்லவேளை, வேரோடு பிடுங்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தாள்.

கணுவுக்குக் கணு கடுகளவு பச்சை முளை.

கண் கலங்கியது.

"இன்னா மேடம், சோறு போடட்டா?" வாசலிலிருந்து பாஞ்சாலை கேட்டாள்.

"போடுங்கக்கா. ஏர் மட்டும் பூட்டாதீங்க."