கரடியின் முறை

மாமரத்தடிப் பாயில் வெயில் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கிறது. பேச்சுப் பயிற்சி தரும் சுனில்டா, பொம்மைக் குடுவையைச் சாய்த்து, மரக்கோப்பையில் இல்லாத தெரரேயை ஊற்றுகிறாள். பராகுவேயில் எல்லாரும் ஒரே கோப்பையில், ஒரே உறிஞ்சுகுழலில், வரிசை பிசகாமல் குடிக்கிற மூலிகைக் குளிர்பானம் அது. இந்த விளையாட்டில் கோப்பை யார் கையிலோ அவருக்குத்தான் பேச்சு. வீட்டுக்கு வெளியே வாயே திறக்காத நான்கு வயது நிமியா, காற்றை உறிஞ்சிவிட்டுப் பேசாமல் கோப்பையைத் திருப்பித் தருகிறாள். "அவளுக்குக் கூச்சம் டீச்சர், அவ என்ன சொல்ல வர்றான்னா..." என்று அம்மா எர்மெலிந்தா ஆரம்பிக்கிறாள். "கோப்பை உங்க கையில இல்லையே அக்கா!" என்று சிரிக்கிறாள் சுனில்டா. எர்மெலிந்தா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மகளுக்கும் சேர்த்துப் பேசியே பழகிப்போன வாய். நிமியாவை அடுத்து உட்கார்ந்திருப்பது கரடிப் பொம்மை. சுனில்டா மறதியாக அதைத் தாண்டி எர்மெலிந்தாவிடம் கோப்பையை நீட்டுகிறாள். நிமியாவின் புருவம் நெரிகிறது. சின்னக் கை குறுக்கே பாய்ந்து கோப்பையைப் பிடுங்குகிறது. "கரடி இன்னும் குடிக்கலை!" குழலைக் கரடியின் வாயில் வைத்து, "ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அதன் முகத்தருகே காதைக் கொண்டுபோகிறாள். "இன்னும் வேணுமாம்." எர்மெலிந்தாவுக்கு நெஞ்சு முட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பை அவள் கையில் இல்லை.