அட்டையில் ஒரு தப்பு

கடல் ஆராய்ச்சி இதழின் புது ஆசிரியர் வினிதா, ராயபுரத்தில் இன்னாசியின் அச்சகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த இதழ்லேர்ந்து வேற அச்சகம்ணே."

"இன்னா மேடம்! இருபது வருசமா நம்ம கையில கீது. ரேட்டுதான் பேஜாரா? பேப்பர் காசு மட்டும் குடு."

"ரேட் இல்ல. அட்டையில இருக்கிற தப்பு. நாலு தடவை சிவப்புல வட்டம் போட்டேன். நாலு தடவையும் அப்படியே அச்சாகி வருது."

"பழைய ஃபைலு மேடம், மறந்துட்டேன்."

"சரி, இப்ப என் கண்ணெதிர்ல அந்த ஒரு வரியை அழிங்க. இதழ் இங்கேயே இருக்கட்டும்."

பேரம் இவ்வளவு சல்லிசாகப் படியும் என்று இன்னாசி நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அந்த வரிவரை போன விரல் அங்கேயே நின்றது. எழுந்துவிட்டார்.

"எடுத்துகினு போ மேடம். அந்த வேற அச்சகத்துக்காரங்களே அழிக்கட்டும்."

வினிதா எரிச்சலோடு திரையைப் பார்த்தார்.

துணை ஆசிரியர்: முனைவர் இ. ஐரீன்.

"இறந்தவங்க பேரை இன்னும் எத்தனை வருஷம்ணே போடுவீங்க?"

"கல்லறையில எம்பொண்ணு பேர எழுதவே கூலிக்கு ஆள் வெச்சேன் மேடம்," என்றார் இன்னாசி. "அழிக்கிறதுக்கு எனக்கு எங்கேர்ந்து கை வரும்?"