ஃபைவ் சொல்லும்வரை

ஊரில் முதன்முதலாக ஜாஸ் நடனம் சொல்லிக்கொடுத்தவர் டல்சி மிஸ். நாற்பது வருடங்களாக அவர் அமைத்த எல்லா நடனங்களிலும் ஒரு விழுதல் உண்டு. எட்டாவது எண்ணிக்கையில், கொடியிலிருந்து நழுவும் சேலை போலச் சத்தமில்லாமல் தரையில் சரிய வேண்டும். பிறகு அடுத்த சுற்றை எடுத்துக்கொடுக்க மிஸ் "ஃபைவ், சிக்ஸ்" என்று எண்ணத் தொடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. போன வருடம் விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தும் பிரமிளா அப்படியே கிடந்தாள். மிஸ் கைதட்டினார். "பாத்துக்கோங்க, இவதான் டான்ஸர்."

இன்று கண்ணாடியைப் பார்த்தபடி முன்னால் ஆடிக்கொண்டிருந்த மிஸ், நான்காவது எண்ணிக்கையிலேயே சரிந்தார். பின்னால் நின்ற பதினெட்டுப் பேரும் உடனே சரிந்தார்கள். பாட்டு ஓடி முடிந்தது.

"எட்டுலதானே விழணும்?" என்று கிசுகிசுத்தாள் பக்கத்தில் கிடந்தவள்.

"மிஸ் மாத்தியிருப்பாங்க. பேசாம கிட" என்றாள் பிரமிளா.

மிஸ்ஸின் முகம் கண்ணாடியை ஒட்டிக் கிடந்தது. ஏசியில் குளிர்ந்திருந்த கண்ணாடியில் அவர் மூச்சு ஓர் எலுமிச்சை அளவுக்குப் படர்ந்து, மறைந்து, மறுபடி படர்ந்தது. முதல் வரிசையிலிருந்து பிரமிளா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அது பொட்டளவுதான் இருந்தது. அவள் மணிக்கட்டில் பழைய வலி எடுத்தது. 'மிஸ்' என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

கண்ணாடி துடைத்துவிட்டாற்போல் தெளிந்தது. அதில் பதினெட்டுப் பேரும், ஒரு விரல்கூட அசையாமல், மிஸ் இத்தனை வருடம் கேட்ட அதே அழகோடு கிடந்தார்கள்.