ஹோல்ட் சம்பந்தப்பட்ட அனைத்தும்

"எதுக்குக் கேக்கிறார்னு கேட்டீங்களா, வெர்னா?"

"கேக்கக் கூடாது சார். பொதுமக்கள் ஆவணம் கேட்டா கொடுக்கணும், எதுக்குன்னு நாம வாயைத் திறக்கக் கூடாது. டெக்சஸ் சட்டம் அது. அந்தப் பயிற்சி வகுப்புல நீங்களும்தானே உட்கார்ந்திருந்தீங்க."

கண்காணிப்பாளர் ஷிமெக் அந்த வகுப்பில் குறட்டை விட்டது அலுவலகத்துக்கே தெரியும். இப்போது அவருக்குத் தூக்கம் போயிருந்தது. ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பெக்கன் ஃபோர்க் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு வந்திருந்த மனுவில் ஒரே வரிதான். ஹோல்ட் சம்பந்தப்பட்ட அனைத்தும் வேண்டும். கீழே லாயிட் டுபோஸ் என்று ஒரு பெயர்.

ஹோல்ட், தலைநகர் ஆஸ்டினில் இருப்பவர். சட்டமன்றத்தில் யார் காதில் எதைப் போட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவர், அதையே தொழிலாகவும் வைத்திருந்தவர். போன வருடப் புயலில் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கூரை பறந்துவிட்டது. அன்றிலிருந்து வகுப்பெல்லாம் மைதானத்து ஓரம் சக்கரம் வைத்த டிரெய்லர் அறைகளில்தான். அலுவலகக் கவுண்டரில் மனு வாங்கும் வெர்னாவின் மகள் ஜோசியும் அங்கேதான் படிக்கிறாள். மழை வந்தால் டீச்சர் சொல்வது ஒன்றும் காதில் விழாது என்று தினமும் புலம்பல். மாநிலம் தரும் சீரமைப்பு நிதியோ, இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்குத்தான். அதை எப்படியாவது இங்கே கொண்டுவரத்தான் ஷிமெக் ஹோல்ட்டைப் பிடித்துப் போட்டிருந்தார்.

சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வரிப்பணத்தில் சிபாரிசுக்கு ஆள் வைத்தது வெளியே தெரிந்தால் ஊர்க்காரர்கள் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். அவரை நியமித்த பள்ளி வாரியத்துக்கு மே மாதம் தேர்தல் வேறு.

"ஆள் எப்படி?"

"நடுத்தர வயசு. பூட்ஸ், தொப்பி, ரொம்ப மரியாதையான பேச்சு. அதான் எனக்குப் பிடிக்கலை. நம்ம ஊர்ல கோபமில்லாம யாராவது இந்த கவுண்டருக்கு வந்திருக்காங்களா?"

"என்ன பேசினார்?"

"'இந்த ஹோல்ட், கூப்பிட்டா போன் எடுப்பாரா மேடம்'னார். நான் மூச்சு விடலை. 'சொன்ன சொல்லைக் காப்பாத்துவாரா'ன்னார். என் வாயைக் கிளறிப் பார்க்கிறார் சார். போகும்போது டிரெய்லர் பக்கமா வண்டியை நிறுத்தி நின்னு பார்த்துட்டுத்தான் போனார்."

ஷிமெக் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "பத்திரிகைக்காரன். இல்லைன்னா தேர்தல்ல எதிர்த்து நிக்கிற கோஷ்டி அனுப்பின ஆள்."

வெர்னாவுக்கும் அதேதான் தோன்றியது. கணினியில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். லூசியானாவில் ஒரு பாதிரியார் கிடைத்தார், படகு விற்கும் ஒருவர் கிடைத்தார். இவர் கிடைக்கவில்லை.

"அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதிப் போடுங்க. கொடுக்கலாமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும். கொஞ்ச நாள் ஓடும்," என்றார் ஷிமெக்.

நாள் ஓடியது. டுபோஸ் அவ்வப்போது வந்து எட்டிப்பார்த்தார். "இன்னும் பதில் வரலை," என்று வெர்னா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அவசரமில்லை மேடம்," என்று சிரித்துவிட்டுப் போவார். அவர் வண்டி கிளம்பும்வரை அவள் ஜன்னலை விட்டு நகரமாட்டாள்.

கடைசியில், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று பதில் வந்தது. அன்று மாலையே ஷிமெக் ஆஸ்டினுக்குப் போன் போட்டு ஹோல்ட்டின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

"ஆளே இல்லைன்னா எதை வெச்சு எழுதுவாங்க?"

"அப்போ கூரை சார்?"

"தேர்தல் முடியட்டும். திரும்பக் கூப்பிட்டா ஓடி வரப்போறார்."

வெர்னாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. இனி அந்த ஆள் முகத்தில் அசடு வழிவதைப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை டுபோஸ் வந்தார். வெர்னா காகிதக் கட்டை அவர் முன் தள்ளினாள்.

"எல்லாம் இதுல இருக்கு. ஆனா பிரயோஜனமில்லை. வெள்ளிக்கிழமையே ஹோல்ட்டை அனுப்பிட்டோம்."

"தெரியும் மேடம். அவரே சொன்னார்."

"அவரா?"

"மனுவை வாபஸ் வாங்கத்தான் வந்தேன். உங்களை ரொம்பச் சிரமப்படுத்திட்டேன்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஒரு ஆளை வேலைக்கு வெக்கிறதுக்கு முன்னால விசாரிக்கணும் இல்லையா? விசாரிச்ச வரைக்கும் தங்கமான மனுஷன். குளிர்காலம் பூரா அவர் பின்னாடி அலைஞ்சோம். 'பெக்கன் ஃபோர்க்குக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், அவங்களா விட்டாலொழிய வரமாட்டேன்'னு ஒரே பிடிவாதம்."

வெர்னாவின் கை கட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"நீங்க... யாரு?"

"பக்கத்து டிரை ஹாலோ பள்ளி வாரியத்துல புதுசாச் சேர்ந்தவன் மேடம். உங்க கூரையைக் கொண்டுபோன அதே புயல்தான் எங்களதையும் கொண்டுபோச்சு. இன்னைக்குக் காலையில அந்த நிதிக்காக ஹோல்ட் எங்ககூட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டார்."