துரையிடம் ஒரு கேள்வி

"மறுபடியும் தப்பு மாமா! 'வேர் மை சன் இஸ்' இல்ல, 'வேர் இஸ் மை சன்'. எங்க, சொல்லுங்க பாப்போம்."

வல்லிநாயகம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேர்... மை சன்... இஸ்?"

சங்கரம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது மாத வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தாள். மாமனாருக்கு இங்கிலீஷ் பாடம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா?

அவள் புருஷன் குற்றாலிங்கம் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவன். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததிலிருந்து ஒரு கடுதாசியும் இல்லை. அவனுடைய பட்டாளத்து மேஜர் துரை, காலில் அடிபட்டு, குற்றாலத்துப் பங்களாவில் ஓய்வெடுக்கிறார் என்று தென்காசி முழுக்கப் பேச்சு. துரைக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. நடுவில் ஆள் வைத்தால் பாதியை முழுங்கிவிடுவான் என்று பயம். அதனால்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த சங்கரம்மாளே மாமனாரைத் தயார் செய்தாள்.

நாளைக் காலையில் துரை ஊரைவிட்டுக் கிளம்புகிறார். இன்றைக்கு விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

"கேள்வின்னா 'இஸ்' முன்னால வரணும் மாமா. நம்ம பேச்சு மாதிரி கடைசில கொண்டு வைக்கப்பிடாது. சரி, அடுத்தது. அவுக பர்மாவுல இருந்து வந்துட்டாகளான்னு கேளுங்க."

"டிட் ஹீ கேம்..."

"ஐயோ, 'கேம்' இல்ல, 'கம்'! முன்னால 'டிட்' வந்துட்டா, பின்னால 'கம்'தான். போன மாசம் இம்புட்டையும் கடகடன்னு ஒப்பிச்சிய. இப்ப என்ன வந்துச்சு ஒங்களுக்கு?"

"வயசாகுதுல்லா தாயி. நாக்கு பெரளுது."

"அன்னைக்கு நீங்க போன நேரம் பாத்தா துரை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்? என் தலையெழுத்து!"

வல்லிநாயகம் வாசலைப் பார்த்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா தாயி? எக்குத்தப்பாக் கேட்டு, துரை கோவிச்சிக்கிட்டா வம்பு. பேசாம விட்டுருவமே..."

"விடுததா?" சங்கரம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். "நீங்க போகலேன்னா வண்டியக் கட்டச் சொல்லுங்க. நானே போயிக் கேக்குதேன். வழியில வலி கண்டாலும் சரி."

கிழவர் பதறிப்போய் குடையை எடுத்தார். "வேண்டாம் தாயி, வேண்டாம். இந்தா, நானே போறேன்."

"வேர் இஸ்!" என்று வாசல்வரை வந்து கத்தினாள். "மறந்துராதிய மாமா, இஸ் முன்னால!"

குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. பங்களா கேட்டில் காவல்கார மாடன் அவரைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டான்.

"என்ன அண்ணாச்சி, மறுபடியும் துரையப் பாக்கணுமா?"

"வேண்டாம்டே. கொஞ்ச நேரம் இங்கன நின்னுட்டுப் போயிருதேன்."

மாடன் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு நீங்க கேட்ட கேள்விக்குத் துரை எந்திரிச்சு நின்னு, தொப்பியக் கழட்டிட்டுல்லா பதில் சொன்னாரு? எனக்கு இங்கிலீஷ் தெரியாட்டாலும் வெளங்கிட்டு அண்ணாச்சி. வீட்ல இன்னும் சொல்லலியா?"

வல்லிநாயகம் குடையைக் கன்னத்தோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மருமகளுக்கு இது ஒம்பதாம் மாசம்டே. பிள்ளையப் பெத்துப் பிழைக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு இங்கிலீஷ் வராது."